சிவப்புப் பட்டியலில் எங்கள் பள்ளி: வரப்போவது உதவியா, ஆய்வா?

கேட்டவர்: கண்டாங்கி டீச்சர்

வணக்கம். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் வரும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை நான். பதவி உயர்வில் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரின் பெயரும் ஒன்றியத்தின் பெயரும் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலை பிரேயர் முடிவதற்குள் போன் வந்துவிடும்.

ஒன்று முதல் எட்டு வரை 64 பிள்ளைகள். ஒன்று முதல் ஐந்து வரை 38 பேர், அவர்களுக்கு இரண்டு ஆசிரியர்கள். மேலே மூன்று வகுப்பில் 26 பேர், அவர்களுக்கு ஒரு பட்டதாரி ஆசிரியரும் நானும். கணக்குப் பட்டதாரி இடம் காலியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அதனால் கணக்கு, அறிவியல், மதிய உணவுக் கணக்கு, எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு எல்லாம் என் தலையில்தான். 64 பேரில் 11 பேர் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள். மழை ஓய்ந்து தையில் வருவார்கள், ஆனி பிறப்பதற்குள் போய்விடுவார்கள். அதில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டே மாதத்தில் “அக்கா, கொழம்பு போதும்” என்று சத்துணவு அக்காவிடம் அதிகாரமாகச் சொல்கிறாள். ஆனால் ‘அ’ எது ‘ஆ’ எது என்று இன்னும் தெரியவில்லை.

போன மாதம் தலைமை ஆசிரியர் கூட்டத்தில் திரையில் ஒரு பட்டியல் போட்டார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. தையில் எடுத்த ஒரு சோதனையின் மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்துப் போட்டதாம். எங்கள் பள்ளி சிவப்பு, அதிலும் கடைசியிலிருந்து மூன்றாவது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “சிவப்புப் பள்ளிகளுக்குத் தனிக்கவனம் தரப்படும்” என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அவமானத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். கடைசியில் நம்மைக் கண்டுகொண்டார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் 23 நாளில் ஆறு பேர் வந்தார்கள். ஆசிரியர் வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, கழிப்பறை, சுவர் ஓவியம், எமிஸ். ஆறு பேரும் இதையேதான் பார்த்தார்கள். தோட்டத்தில் முருங்கை ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னவர் ஒரே ஒருவர். அவன் திணறினான். ‘வாசிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார். அவன் வாசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா?

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியின் பேத்தி கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாசிப் படைப்புக்கு வந்திருந்தாள். வளவில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டே இதைச் சொன்னேன். அங்கேயும் பள்ளிகளை மூன்று அடுக்காகப் பிரித்துத்தான் உதவி செய்கிறார்கள் என்றாள். எல்லாப் பள்ளிக்கும் பொதுவாகக் கிடைப்பது ஒன்று. சில பள்ளிக்கு மட்டும் குறிவைத்துத் தருவது ஒன்று. மிகவும் தடுமாறும் பள்ளியோடு கூடவே நிற்பது ஒன்று. “கீழ் அடுக்குக்குப் போனால் ஆள் கூடுதலாக வருவாங்க, அத்தை. பேப்பர் கூடுதலாக வராது” என்றாள். அவள் பஸ் ஏற நேரமாகிவிட்டது, முழுதாகக் கேட்க முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். நம் ஊர் அமைப்பில் இப்படி அடுக்கடுக்காக உதவி பெற வழி இருக்கிறதா? இருந்தால் எதை யாரிடம் கேட்பது? இந்தச் சிவப்பிலிருந்து ஒரு பள்ளி எப்படி வெளியே வரும் என்று யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

---

ரஸ்தா வாத்தியார்

வாழ்த்துகள் டீச்சர். இனி உங்கள் பள்ளி மானியத்தில் பாதி டீ, வடைக்கே போகும்.

கிண்டல் போதும். மானியம் என்றதும் நினைவுக்கு வருவதைச் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் தலையை எண்ணித்தான் வருகிறது. நூறு பிள்ளைகளுக்குள் இருக்கிற உங்கள் பள்ளிக்கு 25,000. நூறைத் தாண்டி 250 வரை இருந்தால் 50,000. சிவப்பா பச்சையா என்று மானியம் கேட்பதில்லை. தமிழே தெரியாத 11 பிள்ளைகள் இருந்தாலும் அதே தொகை, எல்லாரும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும் அதே தொகை.

இன்னொரு கூத்து முன்னாள் மாணவர் உதவி. நம் சீமையில் பள்ளிக்குக் கொடுக்கும் கைக்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் எடுத்துக் கொடுத்த அழகப்பச் செட்டியார் ஊர் இது. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறவர்கள் தாங்கள் படித்த பள்ளிக்குத்தான் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் டவுனில், ஏற்கெனவே நன்றாக இருக்கும் பள்ளி. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசுத் திட்டம் வழியாகவும் கொடுப்பவர் தனக்குப் பிடித்த பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். தப்பில்லை. ஆனால் நாலாவது ஸ்மார்ட் டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஒரு பள்ளி யோசிக்கிறது, உங்களுக்குக் கணக்கு வாத்தியார் இல்லை.

உருப்படியாக ஒன்று: பார்வையாளர் பதிவேட்டில் வருகிறவர் எல்லாம் ‘பள்ளி பார்வையிடப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த முறை பேனாவைக் கொடுக்கும்போதே, “சார், எங்களுக்கு என்ன உதவி, எந்தத் தேதிக்குள்ளே என்று ஒரு வரி சேர்த்து எழுதிடுங்க” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். இரண்டு பேர் எழுதுவார்கள். மூன்றாவது ஆள் வரவே மாட்டார். எப்படியும் லாபம்தான்.

---

ஓய்வு பெற்ற பயிற்றுநர்

அம்மா, நான் ஆசிரியர் பயிற்றுநராக வட்டார வள மையத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன். இப்போது பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் தூக்கம் வரவில்லை. வந்த ஆறு பேரில் ஒருவனாக நானும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன்.

முதலில் பொது அடுக்கு. அது நம்மிடம் பலமாகவே இருக்கிறது. பாடநூல், சீருடை, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் காலை உணவு, 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புக்குத் தொடங்கி அடுத்த ஆண்டே நாலு, ஐந்துக்கும் நீட்டிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலைக்கு ஏற்றபடி பாடம் நடத்தச் சொல்கிறோம். ஒரே வகுப்பில் இருக்கும் முப்பது பிள்ளைக்கு ஒரே மருந்து கூடாது என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஒன்றியத்தில் இருக்கும் பள்ளிகளுக்கு மட்டும் ஒரே மருந்து. அரும்புப் பள்ளி, மலர்ப் பள்ளி என்று யாரும் யோசிப்பதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வருடம் என் பொறுப்பில் 14 பள்ளிகள். வரிசையாகப் போக வேண்டும், போன நாளைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். இதில் பாதி நாள் புள்ளிவிவரம் திரட்டவே ஓடிவிடும். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. பூக்கல் என்கிற தரைக்கல் போடும் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர். மூன்று முறை போய் மூன்று முறையும் ‘வாசிப்பில் முன்னேற்றம் தேவை’ என்று எழுதிவிட்டு வந்தேன். நாலாவது முறை பஸ் வரவில்லை. மத்தியானம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. சும்மா இருக்க முடியாமல் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேரை வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, இவர்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர் நீண்ட மருத்துவ விடுப்பில் போய்விட்டார், வருடம் முழுக்க மூன்று வகுப்பை ஒரே அறையில் போட்டு வைத்திருந்தார்கள் என்பது. உயிர்மெய்யே யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. என் மூன்று குறிப்பிலும் இது இல்லை. யாரையும் நான் கேட்கவும் இல்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். நன்றாக ஓடுகிற ஆறு பள்ளிகளுக்குப் போவதை நிறுத்தினேன், போனில் மட்டும் பேசினேன். அந்த நாளையெல்லாம் சேர்த்து எட்டு வாரம், செவ்வாய்க்கிழமைதோறும் இந்தப் பள்ளிக்கு. எழுத்தில் நிற்பவர், சொல்லில் நிற்பவர், வரியில் நிற்பவர் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். நான் ஒரு குழுவை எடுத்தேன், டீச்சர் ஒன்றை, எட்டாவது படிக்கும் பெண்கள் இரண்டு பேர் ஒன்றை. கல்லுக்குப் போடும் வண்ணங்களின் பெயர், அச்சுகளின் பெயர் இதெல்லாம் அட்டையில் எழுதினோம். வீட்டில் கேட்கிற சொல் என்பதால் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். எட்டாவது வாரம் 11 பேரில் ஏழு பேர் பத்தி வாசித்தார்கள். மிச்சம் நாலு பேரில் ஒருவனுக்குக் கண்தான் கோளாறு. மூன்று வருடமாக அவனை ‘மெதுவாகக் கற்பவன்’ என்று எழுதி வந்திருக்கிறோம்.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மெமோ. ‘ஆறு பள்ளிகளை ஏன் பார்வையிடவில்லை?’ எல்லாப் பள்ளிக்கும் ஒரே எண்ணிக்கையில் போக வேண்டும் என்பது விதி. அடுக்கு என்று பேசினால் முதலில் இந்த விதி உடைய வேண்டும். சிவப்புக்கு ஆளைக் கூட்ட வேண்டுமென்றால் பச்சையிடமிருந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்? பட்டியலில் வண்ணம் போட எல்லாருக்கும் தெரிகிறது. நாள்காட்டியில் வண்ணம் போட யாருக்கும் மனம் வரவில்லை.

நம் பக்கத்து வீடுகள் உங்களுக்குத் தெரியும். முகப்பில் தூணும் பூக்கல்லும் மின்னும், வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு ‘ஆகா’ என்று போய்விடுவார். அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது மூன்றாம் கட்டுக்குப் போனால்தான் தெரியும். கழிப்பறையும் சுவர் ஓவியமும் முகப்பு. அந்த நாலாம் வகுப்புப் பையன் மூன்றாம் கட்டில் இருக்கிறான்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்பது. நம் அமைப்பில் ஒருவரிடம் எல்லாம் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அதிகாரம் நாலு கையில் பிரிந்து கிடக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் இருப்பது நிர்வாகம். பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பும் பேச்சு அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். வட்டார வள மையத்திடம் இருப்பது கற்பித்தல்: பயிற்றுநர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர், துணைக்கருவி. கட்டடமும் கழிப்பறையும் ஒன்றியப் பள்ளி என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலர் பக்கம். அதைக் கல்வி அலுவலரிடம் கேட்டு நாளை வீணாக்காதீர்கள். காலியிடம் மாவட்ட அளவில், முதன்மைக் கல்வி அலுவலர் வரை போக வேண்டியது.

காலியிடத்தை மட்டும் பிச்சை கேட்பது போலக் கேட்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல்-கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளைகள் 26 பேரோ 6 பேரோ, அதே மூன்று. தொடக்க வகுப்பில் அந்த வாதம் எடுபடாது. 60 பேர் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கணக்கு. இரண்டு பேர் ஐந்து வகுப்பை இழுப்பது சட்டப்படி சரி, வகுப்பறைப்படி சரியில்லை. அங்கே பயிற்றுநரின் நாளைக் கேளுங்கள்.

சூளைப் பிள்ளைகள் விஷயம் முக்கியம். பணியிடத்தை ஆகஸ்ட் 1 நிலவரப்படி கணக்கிடுகிறார்கள். அன்றைக்கு உங்கள் 11 பேரும் ஒடிசாவில் இருப்பார்கள். ஆனால் தையில் வைத்த சோதனையில் அவர்கள் மதிப்பெண் சேர்ந்திருக்கும். ஆள் கணக்கில் இல்லாதவர்கள் தேர்ச்சிக் கணக்கில் மட்டும் வருகிறார்கள். அவர்களைத் தனி வரிசையாகப் போட்டு, இல்லாமல் சராசரி எவ்வளவு, சேர்த்தால் எவ்வளவு என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். மறைக்க இல்லை. வேறு உதவி தேவைப்படுகிறவர்கள் அவர்கள் என்று காட்ட.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்ப மாட்டார்கள். எங்களால் முடிந்தது இது, இன்ன தேதிக்குள் முடிப்போம். குறுவள மையத்தில் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தால் முடிவது இது. உங்களால் மட்டுமே முடிவது இது. கடைசி வகையில் மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எத்தனை வாரத்துக்கு’ என்று ஒரு கட்டம். முடிவு தேதி இல்லாத உதவி இரண்டாவது வாரமே நின்றுவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

---

ஏழாங்கிளாஸ் அம்மா

நான் டீச்சர் இல்லை. தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேராவது பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கூட்டத்துக்குக் கூப்பிடுவதே கையெழுத்துக்குத்தான். ஒரு தரம் எங்கள் பள்ளியையும் இப்படி ஏதோ பட்டியலில் போட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டீக்கடையில்தான் தெரிந்தது. அடுத்த ஜூனில் எட்டுப் பிள்ளைகளை வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டியல் போட்டது பள்ளியைத் தூக்கிவிட என்றார்கள், நடந்தது இது.

டீச்சரக்கா, நீங்கள் அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது குழுவில் வைத்துத் தீர்மானமாகப் போடுங்கள். டீச்சர் கேட்டால் ‘குறை சொல்கிறார்’ என்பார்கள். ஊர் கேட்டால் கொஞ்சம் பயம் இருக்கும். இன்னொன்று, வருகைப் பதிவையும் வைத்துப் போட்ட பட்டியல் என்றீர்களே, பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று பெற்றோரைக் கேட்டீர்களா? எங்கள் பள்ளியில் எல்லாரும் ‘அக்கறை இல்லாத பெற்றோர்’ என்றார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். காலை டவுன் பஸ் நேரம் இருபது நிமிடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். லேட்டாக வந்தால் அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் வராமலே இருந்துவிட்டார்கள். டிப்போவில் போய் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் இழுத்தடித்து மாற்றினார்கள். இதற்கு எந்த அடுக்கும் வேண்டாம், கேட்க ஒரு வாய் போதும்.

---

கண்டனூர்க்காரி, இப்போது கலிபோர்னியா

கண்டாங்கி டீச்சர், உங்கள் ஆச்சியின் பேத்தி நானில்லை! ஆனால் அதே மாதிரி வேலைதான். ஒரு பள்ளி மாவட்டத்தின் தரவுப் பிரிவில் இருக்கிறேன்.

இங்கே ‘அடுக்கு’ என்பது இரண்டு விஷயத்துக்குப் புழங்குகிறது. ஒன்று பிள்ளைகளுக்கு. எம்.டி.எஸ்.எஸ்., அதாவது பல அடுக்கு உதவி முறை என்பார்கள். நல்ல வகுப்பறைப் பாடம் எல்லாருக்கும், அதில் பிடிக்காதவருக்குச் சிறு குழு, அதிலும் முடியாதவருக்குத் தனியாக. அரும்பு, மொட்டு என்று ஐயா சொன்னதற்கு உறவுமுறை இது. முதல் அடுக்கிலேயே சுமார் 80 சதவீதம் பேர் தேறிவிட வேண்டும் என்பது கைக்கணக்கு. பாதி வகுப்பு இரண்டாம் அடுக்குக்கு வந்தால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, முதல் அடுக்கில். ஒன்றியத்தில் பாதிப் பள்ளி சிவப்பானாலும் அதே கணக்குதான்.

இரண்டாவது, பள்ளிகளுக்கு. 2015 டிசம்பரில் வந்த ‘எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ்’ என்ற அமெரிக்க மத்தியச் சட்டப்படி, ஏழைப் பிள்ளைகளுக்கான டைட்டில் ஒன் நிதி வாங்கும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தையும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாணவர்கள் பட்டம் பெறாமல் போகும் உயர்நிலைப் பள்ளிகளையும் மாநிலம் மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இது முழு உதவி அடுக்கு. மொத்தத்தில் நன்றாக இருந்தும் ஒரு பிரிவுப் பிள்ளைகள் மட்டும் பின்தங்கிய பள்ளி குறிவைத்த உதவி அடுக்கில் வரும். உங்கள் சூளைப் பிள்ளைகளைத் தனி வரிசையில் போடச் சொன்னாரே ஐயா, இங்கே அது சட்டத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் புதிதாகக் கற்பவர், ஊனமுற்ற பிள்ளைகள், வறிய வீட்டுப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணும் தனித்தனியாக வெளியே வர வேண்டும்.

முழு உதவி அடுக்கில் இருக்கும் பள்ளிக்கு மாவட்டம்தான் திட்டம் போட வேண்டும், பெற்றோரும் ஆசிரியரும் கூடவே உட்கார வேண்டும். முதல் வேலை, என்ன குறை என்று தேவைக் கணக்கு எடுப்பது. எப்போது பட்டியலை விட்டு வெளியே வரலாம் என்பதை மாநிலம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நாலு வருடத்துக்குள் வெளியே வராவிட்டால் மாநிலம் இன்னும் கடுமையாக இறங்க வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கே இருக்கும் பதில் அது. பணமும் உண்டு: டைட்டில் ஒன் நிதியில் 7 சதவீதத்தை மாநிலம் இந்தப் பள்ளிகளுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2013 முதல் நிதிச் சூத்திரமே வேறு. வறிய வீட்டுப் பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளை என்றால் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாக மாவட்டத்துக்கு வரும். ரஸ்தா சார் சொன்ன தலைக் கணக்குதான், ஆனால் எல்லாத் தலையும் ஒரே எடை இல்லை.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயும் வண்ணப் பலகை உண்டு, சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து வண்ணம். வீடு வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தெருவையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஏழாங்கிளாஸ் அம்மா சொன்ன வேன் கதை இங்கே வேறு உருவத்தில் நடக்கிறது. நான் சேர்ந்த வருடம் ஒரு பள்ளிக்கு வாரத்தில் மூன்று நாள் வாசிப்புப் பயிற்றுநர் ஒருவரைப் போட்டோம். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள். “புது ஆளுக்கு எங்கள் பள்ளியைப் புரிய வைப்பதே எங்களுக்கு நாலாவது பாடவேளை” என்று ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார். கேட்கும்போது ஆளைக் கேளுங்கள், அதே ஆளைக் கேளுங்கள்.

---

கண்டாங்கி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஒரு பக்கம் எழுதினேன். மூன்று முறை கிழித்து நாலாவது முறைதான் ஒரு பக்கத்தில் அடங்கியது. மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். தலைவி மஞ்சுவிரட்டில் மாட்டுக்கு முன்னால் நிற்கிற வீட்டுப் பெண். அவரே என்னோடு அலுவலகத்துக்கு வந்தார், நான் பேசியதைவிட அவர் பேசியதுதான் அதிகம்.

கிடைத்தது: வள மையத்திலிருந்து ஒரு பயிற்றுநர், புதன்கிழமைதோறும், ஆறு வாரத்துக்கு, எழுத்தில். இதுவரை மூன்று புதன் வந்தார், ஒரு புதன் எங்கோ கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அதே ஆள்தான், அதுவரைக்கும் நிம்மதி. சிறப்புப் பயிற்றுநர் ஒரு முறை வந்து இரண்டு பிள்ளைகளைப் பார்த்தார். கணக்கு ஆசிரியர் காலியிடத்துக்கு ‘பரிந்துரைக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்திருக்கிறது. அந்தச் சொல்லின் அர்த்தம் இங்கே எல்லாருக்கும் தெரியும். பக்கத்து உயர்நிலைப் பள்ளிக் கணக்கு சார் மட்டும் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து எட்டாம் வகுப்பை எடுக்கிறார். அது உத்தரவு இல்லை, அவர் மனசு.

சூளைப் பிள்ளைகளைத் தனி வரிசையில் காட்டினேன். அவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் நாங்கள் மஞ்சள். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்றார்கள். சரி என்று ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வருகைப் பதிவுக்கும் வீடு வீடாகப் போனேன். எங்களுக்குப் பஸ் பிரச்சினை இல்லை. ஆறு வீட்டில் ஒரே காரணம்: அம்மா விடிவதற்குள் ஆலை வேலைக்குப் போய்விடுகிறார், பெரிய பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுகிறாள். அங்கன்வாடியில் பேசிக்கொண்டிருக்கிறேன், அது நேரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த முடியுமா என்று. இன்னும் பதில் இல்லை.

அந்த நாலாம் வகுப்புப் பையன் இப்போது சொல் நிலையில் இருக்கிறான். பஸ்ஸின் நெற்றியில் ‘கல்லல்’ என்று இருந்தால் படித்துவிடுகிறான். ‘சிங்கம்புணரி’ வந்தால் ‘சிங்கம்’ வரைக்கும் போய் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறான்.

ஒரு உதவி. படத்துக்குக் கீழே தமிழும் ஒடியாவும் எழுதிய சொல்லட்டை யாரிடமாவது இருக்கிறதா? அந்தக் ‘கொழம்பு போதும்’ பெண்ணுக்காகக் கேட்கிறேன். ஆனி வந்தால் போய்விடுவாள். தபால் செலவு என்னுடையது.

---

ஓய்வு பெற்ற பயிற்றுநர்

அச்சிட்டது என்னிடம் இல்லை, அம்மா. ஆனால் அவள் அப்பாவையோ அம்மாவையோ ஒரு சாயங்காலம் உட்கார வைத்து, சோறு, தண்ணீர், செங்கல், மழை என்று ஐம்பது சொல்லை ஒடியாவில் சொல்லச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் நான் கொண்டு வருகிறேன். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தால் எத்தனை மணிக்கு உங்கள் ஊர் வரும் என்று மட்டும் தனிச்செய்தியில் எழுதுங்கள்.